பதினோராம் நம்பர் வீட்டில் யார்?

கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்து, கொல்லைப்படியைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்ததும் ஜெய்னம்பு, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்பாள். சொல்லிவிட்டு நிற்பாள். குடத்து நீர் தளும்பி முழங்கை வழியாகச் சொட்டும், துடைக்க மாட்டாள். இரண்டு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்ற பிறகுதான் அடுத்த அடி. காலையில் ஆறு குடம் தண்ணீர் என்றால் ஆறு ஸலாம், ஆறு முறை நிற்பது. குரல் என்னவோ தன் முந்தானைக்குச் சொல்லுகிற மாதிரி அடங்கின குரல்தான். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு மனிதர் கிடையாது.

இதை ஒருநாள் பார்த்துவிட்ட பள்ளிவாசல் இமாமின் மனைவி சும்மா இருக்கவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் போகும்போது சொல்ல வேண்டிய ஸலாம் வேறு, அதற்குத் தனி வாசகம் உண்டு, சொல்லித் தரட்டுமா என்று பதமாகக் கேட்டாள். ஜெய்னம்பு குடத்தை இறக்கி வைத்தாள்.

“அது ஆளில்லாத ஊட்டுக்கு. இங்கதான் நான் இருக்கேனே” என்றாள்.

நீ வெளியிலிருந்து வரும்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க அந்த அம்மாளுக்கு அப்போது தோன்றவில்லை. தெருவுக்கு வந்து சொன்னாள். தெரு இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்து போயிற்று.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது அந்தத் தெரு. வெளியூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பூட்டுத் தெரு. பதினாறு வீடுகள், ஏழில் பூட்டு. ஆண்கள் கப்பலேறிப் போனது அந்தக் காலம். இப்போது பொன்னேரிக்குப் போய் ரயிலைப் பிடித்து மண்ணடியில் இறங்கிக் கடை வைக்கிறார்கள். இரண்டு வருஷம் மாசா மாசம் வந்து போவார்கள். மூன்றாம் வருஷம் பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பாட்டன் பூட்டன் சுண்ணாம்பும் பர்மாத் தேக்குமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு, வாசலில் ஒரு திண்டுக்கல் பூட்டோடு நின்றுகொண்டிருக்கும்.

ஜெய்னம்புவின் தம்பி ஷஃபியுல்லாவும் அப்படிப் போனவர்தான். மண்ணடியில் இரும்புச் சாமான் கடை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அக்காளை விட்டுவிட்டுப் போனார். பதினெட்டு வருஷம் ஆகிறது. முப்பத்தைந்து மைல்தான் தூரம். பெருநாளைக்கு வருவதாக எழுதுவார். பெருநாள் வரும், அவர் வரமாட்டார்.

அவளுக்குப் பதினாறில் நிக்காஹ் ஆகி, பத்தொன்பதில் புருஷன் அம்மை கண்டு போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. வாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள், வாப்பாவையும் உம்மாவையும் அடக்கத்துக்கு அனுப்பி வைத்துவிட்டு, இப்போது ஐம்பத்திரண்டு வயதில் எட்டு அறைகளோடு இருக்கிறாள். உயரமான, எலும்பான உடம்பு. முன்பல் ஒன்று இல்லை. பல் போன பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள் என்று தெருவில் சொல்வார்கள். அதற்கு முன்னால் மட்டும் யாரோடு சிரித்துக்கொண்டிருந்தாளாம்?

எட்டு அறையிலும் வாரத்துக்கு ஒன்றாகப் படுப்பாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பாய், தலையணை, அரிக்கேன் விளக்கு மூன்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஜாகை மாற்றுவாள். கேட்டால், “ஆளு மூச்சு படலேன்னா செவரு உப்புப் பூத்துப் பூடும்” என்பாள். ஏரிக்காற்று அப்படி. பூட்டின வீடுகள் ஏழிலும் சுவர் பொரிந்து உதிர்கிறது. இவள் வீட்டில் எட்டு அறைச் சுவரும் கையை வைத்தால் வழுவழுவென்று இருக்கும்.

கைத்தொழில், பனையோலைப் பெட்டி முடைவது. அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் முடைவார்கள். ஆனால் இவள் மூடியை முதலில் பின்னி முடித்துவிட்டு அதற்கு ஏற்றபடி பெட்டியைப் பின்னுவாள். உலகத்தில் யாரும் செய்யாத முறை. அப்படிச் செய்தும் ஒரு மூடியாவது இறுகினதில்லை, தொளதொளத்ததில்லை.

அந்தப் பெட்டிகளைப் பொன்னேரிச் சந்தைக்கு எடுத்துப் போகிறவள் செங்கம்மாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரி. தினமும் மீன் கூடையோடு கொல்லைப் பக்கம் வருவாள். ஒரு கூறு மடவை மீனுக்கு இரண்டு பேரும் அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். என்ன விலை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் அந்த விலைக்குத்தான் வந்து நிற்கப் போகிறது. ஆனாலும் ஜெய்னம்பு விடமாட்டாள். சீக்கிரம் முடிந்துவிட்டால் செங்கம்மாள் எழுந்து போய்விடுவாளே! செங்கம்மாளும் இதைப் புரிந்து கொண்டவள்தான். ஜெய்னம்பு வீட்டில் மட்டும் எடுத்த எடுப்பில் இரண்டு பங்கு விலை சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

செங்கம்மாளை விட்டால் அவளைத் தேடி வருகிற மனிதர் இன்னும் ஒருவர் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் வரி வசூலிக்கும் குமாஸ்தா இராமலிங்கம். கடம்பத்தூர்க்காரர். உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். வருஷத்தில் இரண்டு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு தரம், குடையும் ரசீதுப் புத்தகமுமாகத் தெருவில் தலைகாட்டுவார். அவரைக் கண்டதும் ஆண்கள் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் ஆம்பிளை இல்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள். ஜெய்னம்பு மட்டும் முதல் நாளே வாசலைக் கூட்டி, வெளுத்த துப்பட்டியை எடுத்து வைத்திருப்பாள். கதவைத் தட்டி, “பதினோராம் நம்பர், வீட்டுல யாரு?” என்பார் இராமலிங்கம். கதவை ஒரு சாண் திறந்து, “நான்தாங்க” என்பாள்.

அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு பதிலும் அவளுக்கு ஆறு மாதத்துக்குப் போதும். வரியைக் கொடுத்து ரசீதை வாங்கி, வாப்பாவின் பெட்டியில் மற்ற ரசீதுகளோடு வைப்பாள். எதிர்பார்த்துக் காத்திருந்து தன்னை வரவேற்கிற ஒரு வீடு இருப்பது இராமலிங்கத்துக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பஞ்சாயத்து வீட்டு வரியை ஏற்றியது.

பங்குனி மாதம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் பார்த்துத் தமுக்குப் போட்டார்கள். ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் புதிதாக மதிப்புப் போட்டாயிற்று; மெத்தை வீடு, ஓட்டு வீடு, குடிசை எல்லாவற்றுக்கும் வரி ஏற்றம்; ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் மனுக் கொடுக்கலாம். தமுக்குக்காரன் தெருமுனை திரும்புவதற்குள் ஊர் கொதித்துப் போயிற்று.

டீக்கடையில் அன்று யாரும் கணக்குப் பார்த்து டீ குடிக்கவில்லை. ஜெய்னம்புவின் அடுத்த வீட்டுக்காரரும், வலை நூல் வியாபாரியும், தெருவுக்கே பெரியவருமான அசன் முகைதீன் நடுவில் நின்று பேசினார். போன தடவை தெருவிளக்குக்கு என்று வரி ஏற்றினார்களே, விளக்கு எங்கே என்று கேட்டார். “கம்பத்த மட்டும் நட்டு வெச்சிட்டுப் பூட்டாங்க. நாயிங்களுக்குத்தான் வசதியாப் பூடுச்சி” என்று ஒரே போடாகப் போட்டார். கடை சிரித்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும், வரி கொடுத்தால்தானே ரோடு வரும் என்று மெல்ல இழுத்தார். அவர் இருப்பது வாடகை வீட்டில். ஆகவே அவர் பேச்சு எடுபடவில்லை.

குப்பத்திலும் இதே பேச்சுத்தான். “மழ வந்தா எங்க ஊடே ஏரிக்குள்ள போய்க்கினு கீது, அதுக்கும் நெம்பர் அடிச்சிட்டாங்கம்மா. ஏரிகிட்ட போயி வரி கேளுங்கடான்னுட்டேன்” என்று செங்கம்மாள் மீன் செதிலோடு கையை உதறினாள்.

பூட்டுத் தெருவில் ஜெய்னம்புவின் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் ஒன்று இருந்தது. இரண்டு நாள் கழித்து, அசன் முகைதீனின் மனைவி குல்சும் சுவர் மேல் கறிக் கிண்ணத்தை நீட்டியபோது அதைக் கேட்டுவிட்டாள்.

“வரி ரெண்டு பங்கு ஏறுதாமே. அப்போ குமாஸ்தா நாலு தபா வருவாரா?”

லாத்தாவுக்கு இந்த வயதில் என்ன வேடிக்கை பார் என்று குல்சும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அக்காளை லாத்தா என்பது அவர்கள் வழக்கம். உறவு இல்லாவிட்டாலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். லாத்தா வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் மண்ணடியிலிருந்து கடிதம் வந்தது. முன்பெல்லாம் ஷஃபியுல்லா அக்காளுக்குப் படிக்க வருமென்று அரபு எழுத்திலான அரபுத் தமிழில் தன் கையாலேயே எழுதுவார். இப்போது கடைக் கணக்குப்பிள்ளை தமிழ் எழுத்தில் எழுதிவிடுகிறார். ஆகவே அவளுக்கு வரும் கடிதத்தை அசன் முகைதீன் வாசலில் நின்று உரக்கப் படிக்க, அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். தெருவும் கேட்கும்.

ஒன்பது ரூபாயாக இருந்த வரி இருபத்தொரு ரூபாய் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆளில்லாத வீட்டுக்கு இவ்வளவு அழ நம்மால் ஆகாது. ஆறு மாதம் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பாதி வரி தள்ளுபடி என்று பஞ்சாயத்தில் விதி இருக்கிறதாம், மனுப் போட்டிருக்கிறேன். தள்ளுபடி கிடைத்தால் வீடு இருக்கட்டும். கிடைக்காவிட்டால் மீன் கிடங்கு கட்ட இடம் கேட்டு ஒருவர் நடையாய் நடக்கிறார், அவருக்குக் கிரயம் பேசிவிடுவேன். நீ இங்கே வந்து மாடியில் இருந்துகொள்ளலாம். கடிதம் இவ்வளவுதான்.

அசன் முகைதீன் கடிதத்தை மடிக்கப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள், “நானா, அந்த மொத வரிய இன்னொரு தபா படிங்க” என்றாள். அண்ணன் ஸ்தானத்தில் அவரை அப்படித்தான் அழைப்பாள். அவர் ரூபாய்க் கணக்கைப் படித்தார். அது இல்லை, அதற்கு அடுத்தது என்றாள். “ஆளில்லாத வீட்டுக்கு” என்று அவர் படித்தார். சரி என்றாள்.

மண்ணடி மாடி அவளுக்குத் தெரியும். ஒரு தடவை பதினோரு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். தம்பி, அவர் மனைவி, ஆறு பிள்ளைகள், கடைப் பையன்கள், கீழே டிராம் வண்டியின் கணகணப்பு. அங்கேயும் படியேறி உள்ளே காலை வைக்கும்போது ஸலாம் சொன்னாள். அந்த இரைச்சலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. இங்கே பதில் இல்லாததற்கு ஒரு காரணமாவது உண்டு. பன்னிரண்டாம் நாள் காலையில் திரும்பி வந்துவிட்டாள்.

அசன் முகைதீன் கெட்டவர் இல்லை. அவள் வாப்பா கடைசிக் காலத்தில் அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனதை மறக்காதவர். அவளுக்கு அரிசி வாங்கிப் போடுவது, கூரையில் ஓடு மாற்ற ஆள் விடுவது எல்லாம் அவர்தான். இந்த விஷயத்திலும் அவளுக்காகவே முனைந்தார். பூட்டின வீடுகளோடு அவ்வளவாகப் பூட்டாத இரண்டொரு வீடுகளும் மனுப் போட்டுவிட்டதில் பஞ்சாயத்துக்குச் சந்தேகம் வந்து, குமாஸ்தாவே நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று தகவல் கிடைத்தது. நாள், புதன்கிழமை. அசன் முகைதீன் வீடு வீடாகப் போய் யார் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார், செங்கம்மாளுக்கும் சொல்லி வைத்தார். கடைசியாகப் பதினோராம் நம்பர் வாசலுக்கு வந்தார்.

“ரெண்டு மணி நேரம் நீ இல்லேன்னு வெச்சிக்க, ஜெய்னம்பு. ஊடு தங்கிடும்.”

“நான் இல்லேன்னாத்தான் ஊடு தங்குமா, நானா?”

“இப்போதிக்கு அப்பிடித்தான்” என்றார் அவர். வேறு என்ன சொல்ல முடியும்?

இங்கே அசன் முகைதீனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஸலாம் காதில் விழுந்தால் அவரால் ‘வ அலைக்குமுஸ்ஸலாம்’ என்று பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அது மார்க்கத்தில் கடமை, விட்டால் பாவம் என்பார். எல்லோருக்கும் கடமைதான், அவருக்கு அது தும்மல் மாதிரி தானாக வந்துவிடும். வாய் நிறையச் சோறு இருந்தாலும் சொல்வார். முகச்சவரம் செய்துகொள்ளும்போது சொல்லித் தாடையில் ஒரு தழும்பு வாங்கியிருக்கிறார். ஒரு முறை எளாவூர் ரோட்டில், ஓடுகிற லாரியிலிருந்து யாரோ யாருக்கோ ஸலாம் சொல்ல, இவர் லாரிக்குப் பின்னாலேயே ஓடிப் பதில் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வீட்டைக் காலி செய்தார்கள். சட்டி பானை, பாய், தலையணை, அரிக்கேன் விளக்கு, ஓலைக் கட்டு, பாதி முடைந்த பெட்டி, வாப்பாவின் ரசீதுப் பெட்டி எல்லாம் சுவர் மேலாகக் குல்சும் வீட்டுக்குப் போயின. அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிவிட்டார்கள். ஒரு மனுஷியின் பதினெட்டு வருஷக் குடித்தனம் நாற்பது தப்படியில் சுவர் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள் லாத்தா என்று குல்சும் எவ்வளவோ கூப்பிட்டாள். அதற்கு மட்டும் அவள் இசையவில்லை. “கெணத்தடியில குந்திக்கினு இருக்கேன். வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள். புதன் காலையில் அசன் முகைதீன் முன் கதவில் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பத்து மணிக்கு இராமலிங்கம் வந்தார். வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பூட்டாக ஆட்டிப் பார்த்து, ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பின்னால் தெருவே வந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாக அத்தனை பேச்சும் கிணற்றடிக்குத் தெளிவாகக் கேட்டது.

பழக்க தோஷம், பூட்டு தொங்குவதைப் பார்த்தும் இராமலிங்கம் கதவைத் தட்டினார். “பதினோராம் நம்பர், வீட்டுல யாரு?”

கிணற்றடியில் ஜெய்னம்புவின் வாய் தானாகத் திறந்துவிட்டது. ‘நான்’ என்பது தொண்டை வரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாருமில்லீங்க சார்” என்று அசன் முகைதீன் சொன்னார்.

கதவுக்குப் பின்னாலிருந்து வரி கொடுக்கும் ஒரு அம்மாள் இருந்தார்களே என்றார் இராமலிங்கம். போன தடவை நீங்கள் வந்துவிட்டுப் போன அதே மாதம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார் அசன் முகைதீன். எதிர் வீட்டுக்காரர் ஆமாம் என்றார். மூன்றாம் வீட்டுக்காரர், அந்த அம்மாள் போனதிலிருந்து வீட்டில் ஈ காக்கை இல்லை என்றார். ராத்திரியில் பார்த்தால் கும்மிருட்டு என்றது இன்னொரு குரல். ஒருவரும் தடுமாறவில்லை. எந்த விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வராத தெரு அது. வரி ஏற்றத்துக்கு எழுதின ஆட்சேப மனுவிலேயே மூன்று கட்சி. பதினோராம் நம்பரில் யாரும் இல்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

ஜெய்னம்பு ஒவ்வொரு குரலாக அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். இது இன்னார், இது இன்னார் மகன். தனக்காகத்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், இதைச் சொல்ல இவர்களுக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செங்கம்மாள் மீன் கூடையோடு வந்து சேர்ந்தாள். இராமலிங்கம் அவளை நிறுத்தி, இந்த வீட்டுக்கு மீன் கொடுக்கிறாயா என்று கேட்டார்.

“பூட்டுக்கு இன்னாத்துக்கு மீனு?” என்றாள் செங்கம்மாள். கூட்டம் சிரித்தது.

மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வரக் கூடாது என்பதற்காகத் துப்பட்டியைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

இராமலிங்கம் திருப்தியாகி நோட்டைப் பிரித்தார். பென்சிலை எச்சில் தொட்டு எழுதப் போனவர் நிறுத்திக்கொண்டார். “எதுக்கும் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டே எழுதிடறேன்” என்று சந்துப் பக்கம் திரும்பினார்.

“கொல்லைக்கா போறீங்க, சார்?” என்று அசன் முகைதீன் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டார். கிணற்றடிக்குக் கேட்கட்டும் என்றுதான்.

கேட்டது. ஜெய்னம்பு பதறி எழுந்தாள். முகத்தைத் துடைக்க நேரமில்லை. நாலு எட்டில் கொல்லைப்படிக்கு வந்து வலது காலை உள்ளே வைத்தாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கால் அந்த இடத்தில் பட்டதும் வாய் என்ன செய்யுமோ அதைச் செய்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

அழுத தொண்டை, அடக்கிச் சொல்ல வரவில்லை. பாயும் பானையும் ஓலைக் கட்டும் இருந்தால் அவை கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கும். ஒரு துரும்பு இல்லாமல் காலி செய்து வைத்திருந்தார்களே, வெறும் கூடத்தில் அந்தக் குரல் கணீரென்று எழுந்து, எட்டு அறையிலும் மோதி, முன் கதவுக்கு மேலே இருக்கிற காற்றுப் பொந்து வழியாகத் தெருவில் வந்து விழுந்தது.

வெளியே அசன் முகைதீன் குமாஸ்தாவின் கையைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தார். “கொல்லையெல்லாம் முள்ளு மண்டிக் கெடக்குது சார், பாம்பு... வ அலைக்குமுஸ்ஸலாம்... பாம்பு வேற உண்டு” என்றார்.

தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைக்கவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எதிர் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். செங்கம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். இராமலிங்கம் ஸலாமெல்லாம் அறியாதவர் இல்லை. ஆறு வருஷமாக இந்தத் தெருவில் வரி வசூலிக்கிறவர்.

“யாருக்கு பாய் பதில் சொன்னீங்க?” என்று கேட்டார்.

அசன் முகைதீன் வாயைத் திறந்தார். காலையிலிருந்து அந்த வாய் சொல்லாத பொய் இல்லை. இப்போதோ கை தானாக இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.

உள்ளே ஜெய்னம்பு நின்றுகொண்டிருந்தாள். பதில் அவள் காதில் விழுந்தது. முதலில் அது மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது: பாதி வரித் தள்ளுபடி போயிற்று, மண்ணடியிலிருந்து கணக்குப்பிள்ளை கையெழுத்தில் இன்னொரு கடிதம் வரும், மீன் கிடங்குக்காரர் வீட்டை வாங்கி நடையை நிறுத்துவார், மாடிப்படி, டிராம் வண்டி. எல்லாம் விளங்கிற்று. இப்போது ஓசைப்படாமல் இருந்துவிட்டால், காதில் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது என்று அசன் முகைதீன் சமாளித்தாலும் சமாளிப்பார் என்பதும் விளங்கிற்று.

இரண்டு கூடத்தையும் மெல்ல நடந்து கடந்து பூட்டின முன் கதவுக்கு வந்தாள். துப்பட்டியைத் தலைக்குச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். தேக்குப் பலகையில் உள்ளங்கையை வைத்து, இந்த முறை நன்றாகக் குரலை எடுத்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று இன்னொரு தரம் சொன்னாள். சொல்லிவிட்டு, எப்போதும் போல நின்றாள்.